வனத்துறை, காவல்துறை முடிவுகளைப் பொதுவெளியில் விமர்சிப்பது எப்படி: ஆணையின் நகல் முதல் மேல்முறையீடு வரை

2021 அக்டோபர் 1 அன்று, நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், மசினகுடி வட்டாரங்களில் நான்கு பேரின் உயிரிழப்புக்குக் காரணம் என்று கருதப்பட்ட எம்.டி.டி.-23 என்னும் புலியை வேட்டையாட அனுமதித்துத் தமிழ்நாட்டின் தலைமை வனஉயிரினக் காப்பாளர் ஆணை பிறப்பித்தார். அந்த முடிவு இரண்டு பக்கங்களிலிருந்தும் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. தோட்டத் தொழிலாளர்களும் கால்நடை வளர்ப்போரும் நடவடிக்கை ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்று போராட்டம் நடத்திக் கேட்டனர்; விலங்குநல ஆர்வலர்கள், உயிருடன் பிடிக்கக்கூடிய புலியைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டு நீதிமன்றம் சென்றனர். அக்டோபர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் அமர்வு, புலியை உடனடியாகக் கொன்றுவிட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அந்தப் புலி மைசூருவில் உள்ள மீட்பு மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அந்த இரண்டு வாரங்களில் சமூக ஊடகங்களில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கோபமாகவோ இரக்கமாகவோ மட்டுமே இருந்தது. விளைவை உண்டாக்கியது, ஆணையை எடுத்து வைத்துக்கொண்டு, சட்டம் விதித்த நிபந்தனை நிறைவேறியதா என்று கேட்ட விமர்சனம்தான். வனத்துறை அல்லது காவல்துறை எடுத்த ஒரு முடிவைக் கேள்விக்கு உட்படுத்த விரும்பும் குடிமக்கள், ஊராட்சி உறுப்பினர்கள், உள்ளூர்ச் செய்தியாளர்கள் ஆகியோருக்காக எழுதப்படும் இந்த வழிகாட்டி, தமிழ்நாட்டு வனஉயிரின நிர்வாகத்தை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு அந்த வழியைப் படிப்படியாக விளக்குகிறது.

முதல் படி: யாருடைய முடிவு என்பதைப் பிரித்தறியுங்கள்

“வனத்துறை முடிவெடுத்தது” என்று எழுதுவது எளிது. ஆனால் அப்படி எழுதிய விமர்சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யாரும் இல்லை. புலி, சிறுத்தை, யானை, காட்டெருமை போன்ற, மிகக் கடுமையான பாதுகாப்புக்குரிய பட்டியலான முதல் அட்டவணையில் உள்ள விலங்குகளைப் பிடிக்கவோ கொல்லவோ அனுமதிக்கும் அதிகாரம், 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி, தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. வனச்சரக அலுவலரோ மாவட்ட வன அலுவலரோ அந்த முடிவை எடுக்க முடியாது, அவர்கள் நிறைவேற்றுபவர்கள். காட்டுப்பன்றி போன்ற இரண்டாம் அட்டவணை விலங்குகள் என்றால், பயிர்ச்சேதத்தையும் காரணமாகக் காட்டி, அதிகாரமளிக்கப்பட்ட கீழ்நிலை அலுவலர் ஒருவரும் அனுமதி தரலாம். ஆகவே எந்த விலங்கு, எந்த அட்டவணை என்பதிலேயே யாரைக் கேட்க வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

ஆணை வேறு, அது நிறைவேற்றப்பட்ட விதம் வேறு என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். மகாராட்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் அவ்னி என்று அழைக்கப்பட்ட பெண்புலி 2018 நவம்பர் 2 அன்று இரவு சுட்டுக் கொல்லப்பட்டது. அதற்கு முன் செப்டம்பரில், மயக்க ஊசி பயனளிக்காவிட்டால் சுடலாம் என்ற ஆணையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்திருந்தது. எனவே ஆணையே தவறு என்ற வாதத்துக்கு அப்போதே பெரிதாக இடம் இல்லாமல் போயிற்று. மயக்க ஊசி முயற்சி உண்மையாகவே நடந்ததா, அது ஏன் இரவில் நடந்தது, கால்நடை மருத்துவர் உடன் இருந்தாரா என்ற கேள்விகளுக்கு வலு இருந்தது. பின்னர் நடந்த விசாரணையும் அந்தத் திசையில்தான் சென்றது. ஆனால் அதிகாரிகள் மீது தொடுக்கப்பட்ட நீதிமன்ற அவமதிப்பு மனு 2021இல் திரும்பப் பெறப்பட வேண்டியதாயிற்று; சுடுவதற்கு ஏற்கெனவே இடமளிக்கப்பட்டிருந்த நிலையில் அவமதிப்பு எங்கே என்ற கேள்வியை அது தாண்ட முடியவில்லை.

இரண்டாம் படி: ஆணையையும் அதன் பின்னணிக் கோப்பையும் பெறுங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இங்கே முதன்மைக் கருவி. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தகவல் எதற்காக வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கட்டணம் பத்து ரூபாய், அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவல் என்றால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7ஆவது பிரிவு கூறுகிறது. யாரேனும் காவலில் இருக்கும்போது இந்த வாசகத்தை விண்ணப்பத்தின் தலைப்பிலேயே எழுதுவது நல்லது. விண்ணப்பம் தவறான அலுவலகத்துக்குச் சென்றிருந்தால், அதை உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்புவது அவர்களுடைய கடமை.

பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்பது கேள்வியின் வடிவத்தில்தான். “புலியை ஏன் கொல்ல முடிவு செய்தீர்கள்?” என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்ற ஒரே வரியில் விண்ணப்பம் முடிந்துவிடும். அலுவலகத்தில் ஆவணமாக இருப்பதைக் கேட்க வேண்டும்: ஆணையின் சான்றளிக்கப்பட்ட நகல், அதற்கு முந்தைய கோப்புக் குறிப்புகள், களத்திலிருந்து வந்த அறிக்கைகள், விலங்கை அடையாளம் கண்ட தானியங்கி கேமரா ஒப்பீட்டு அறிக்கை, கூண்டு வைத்த இடங்கள் மற்றும் நாட்களின் பதிவேடு, மயக்க ஊசி முயற்சிகளின் பதிவு, கண்காணிப்புக் குழுக் கூட்டங்களின் குறிப்பு. “ஏன்” என்ற கேள்விக்கும் ஒரு வாசல் உண்டு. நிர்வாக முடிவுகளுக்கான காரணங்களை, அவற்றால் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 4(1)(d) பிரிவு கட்டளையிடுகிறது. எனவே மாடு இழந்தவரோ உறவினரை இழந்தவரோ விண்ணப்பதாரராக இருந்தால் அந்தப் பிரிவைச் சுட்டியே காரணம் கேட்கலாம்.

விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று கூறி மறுப்பது வழக்கமான பதில். 8(1)(h) பிரிவு அதற்கு இடமளித்தாலும், தகவலைத் தந்தால் விசாரணை எப்படித் தடைபடும் என்பதை அலுவலர் காட்ட வேண்டும். மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் நீக்கி மீதியைத் தருமாறு 10ஆவது பிரிவின்படி கோரலாம்.

மூன்றாம் படி: ஆணையைச் சட்டத்தின் அருகில் வைத்துப் படியுங்கள்

ஆணை கைக்கு வந்தவுடன் பார்க்க வேண்டியது அது எந்தக் காரணத்தைச் சொல்கிறது என்பதை. வனஉயிரினச் சட்டத்தின் 11(1)(a) பிரிவின்படி, விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானதாக மாறியிருக்க வேண்டும், அல்லது மீளவே முடியாத அளவு ஊனமோ நோயோ உற்றிருக்க வேண்டும். ஆணை எழுத்து வடிவில், காரணங்களைக் கூறி இருக்க வேண்டும். இதற்கு மேலாக, அந்த விலங்கைப் பிடிக்கவோ, மயக்கமூட்டவோ, இடம் மாற்றவோ முடியாது என்று தலைமைக் காப்பாளர் மனநிறைவு அடைந்தாலன்றிக் கொல்ல ஆணையிடக் கூடாது என்ற நிபந்தனையும் உள்ளது. விமர்சனத்தின் அச்சாணி இந்த நிபந்தனைதான். “பிடிக்க முடியாது” என்ற முடிவுக்கு எந்த ஆதாரம் கோப்பில் இருக்கிறது? எத்தனை முயற்சிகள் நடந்தன, அவை ஏன் தோற்றன? ஆணை இவற்றைப் பற்றி ஒரு வாக்கியமும் கூறவில்லை என்றால், உங்கள் கட்டுரையின் முதல் பத்தியே அதுவாக இருக்கலாம்.

எச்சரிக்கை ஒன்று. ஆணையில் “வேட்டை” என்று இருப்பதைக் கண்டவுடன் “சுட்டுக் கொல்ல உத்தரவு” என்று தலைப்பிட்டுவிடக் கூடாது. இச்சட்டத்தின் வரையறையில் உயிருடன் பிடிப்பதும், பொறி வைப்பதும், விரட்டுவதும்கூட வேட்டையில் அடங்கும். ஆணையின் செயல்பகுதி எந்த வரிசையில் எதை அனுமதிக்கிறது என்பதைச் சொல்லுக்குச் சொல் படித்த பிறகே எழுத வேண்டும். நம் செய்தித்தாள்கள் இதில் காட்டும் அவசரம், நியாயமான கேள்வியையும் சேர்த்துக் கெடுத்துவிடுகிறது. தலைப்பு தவறு என்று ஒரு மறுப்பறிக்கை வெளியிட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலே அதிகாரிகள் நகர்ந்துவிட முடிகிறது.

புலி என்றால் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் நிலையான செயல்முறை விதிகளையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதர் வாழும் பகுதிக்குள் புலி நுழைந்தால், தலைமைக் காப்பாளரின் பிரதிநிதி, ஆணையத்தின் பிரதிநிதி, கால்நடை மருத்துவர், உள்ளூர்த் தொண்டு நிறுவனத்தவர், ஊராட்சிப் பிரதிநிதி ஆகியோரைக் கொண்ட குழு ஒன்று நாள்தோறும் நிலைமையைக் கவனிக்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. ஊராட்சிக்கு அந்தக் குழுவில் இடம் உண்டு என்பது பல ஊராட்சித் தலைவர்களுக்கே தெரியாது. குழு அமைக்கப்பட்டதா, அதில் உங்கள் ஊரிலிருந்து யார் அமர்ந்தார் என்ற ஒரு கேள்வி, பத்துக் கண்டன அறிக்கைகளைவிடக் கூர்மையானது.

பிடிபட்ட பிறகும் சட்டம் முடிந்துவிடுவதில்லை. மீண்டும் காட்டில் விட இயலாது என்று காரணங்களைப் பதிவு செய்தாலன்றி, பிடித்த விலங்கைக் கூண்டிலேயே வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

நான்காம் படி: அருகில் வாழ்வோரைக் கேளுங்கள்

2023 ஏப்ரலில் கேரளத்தின் சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் யானையை முதலில் பறம்பிக்குளத்துக்கு மாற்ற முடிவானபோது, அந்தப் பகுதி மக்கள் எதிர்த்தனர். பிறகு பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே மாத இறுதியில் அது தேனி மாவட்டம் கம்பம் நகருக்குள் வந்தது. அங்கே ஒருவர் காயமுற்று இறந்தார். ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தின் மேல்பகுதிக் காட்டில் விட்டது. இந்த முடிவுகள் ஒவ்வொன்றையும் சென்னையிலும் கொச்சியிலும் இருந்து விமர்சித்தவர்கள் ஏராளம். ஆனால் யானை விடப்படும் இடத்தின் அடிவாரத்தில் வாழ்பவர்களைக் கேட்டு எழுதியவர்கள் குறைவு. விலங்கின் பக்கம் பேசுபவரின் மனு நீதிமன்றத்துக்கு விரைவாகச் சென்று சேர்கிறது. விடியற்காலையில் தேயிலை பறிக்கப் போகும் பெண்ணின் அச்சம் அவ்வளவு விரைவாகச் சென்று சேர்வதில்லை. இந்தச் சமமின்மையைக் கண்டுகொள்ளாத விமர்சனத்தை உள்ளூர் மக்கள் ஒருபோதும் தங்களுடையதாக ஏற்க மாட்டார்கள், அவர்கள் ஏற்காத இடத்தில் அதிகாரிக்கும் அது சுமையாக இராது. வனக்காப்பாளர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும்கூடக் கேட்க வேண்டும். மேலிடத்து முடிவில் உள்ள குறை பல நேரங்களில் அவர்களுக்குத்தான் முதலில் தெரிகிறது, பெயரை மட்டும் வெளியிட்டுவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: கைது, சோதனை, பறிமுதல் குறித்த முடிவுகள்

வனஉயிரினச் சட்டத்தின் 50ஆவது பிரிவு, வன அலுவலர்களுக்கும் உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலர்களுக்கும் சோதனையிடவும் கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. பிடிக்கப்பட்டவரையும் கைப்பற்றிய பொருளையும் தாமதமின்றி நீதித்துறை நடுவர் முன் கொண்டு செல்ல வேண்டும் என்று அதே பிரிவு கட்டளையிடுகிறது. 24 மணி நேரம் என்ற அரசியலமைப்பின் உச்சவரம்பும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப்பதிவு செய்யக் கோருகிறது. ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை: எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், எத்தனை மணிக்கு நடுவர் முன் நிறுத்தினார்கள், பதிவு எங்கே, கைதுக் குறிப்பில் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் உண்டா. தொல்லை தரும் நோக்கில் தேவையின்றிப் பொருளைப் பறிமுதல் செய்யும் அலுவலருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்க வனஉயிரினச் சட்டத்தின் 53ஆவது பிரிவு வழி செய்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

பணம் பெற்றுக்கொண்டு விட்டுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டை எழுதும் முன் அதே சட்டத்தின் 54ஆவது பிரிவைப் படியுங்கள். சில குற்றங்களில் தொகை பெற்று இணக்கமாக முடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்சவரம்பை 25 ஆயிரம் ரூபாயிலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தியது. குறைந்தபட்சச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட குற்றங்களை மட்டும் அப்படி முடிக்க முடியாது. எனவே இரண்டே கேள்விகள் போதும்: எந்தக் குற்றத்துக்காகத் தொகை பெறப்பட்டது, இரசீது உண்டா.

வனத்துறையும் காவல்துறையும் ஒன்றாகச் செயல்பட்ட இடத்தில் எந்த அளவுக்குக் கொடுமை நிகழ முடியும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி சாட்சி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தவர்களில் 269 பேர் மீது வழக்குப் பதிவானது: வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் அரசுத் தரப்பு அனைத்தையும் மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் பெண்களின் வாக்குமூலங்களை விடாமல் திரட்டிய பின்னரே, 1995இல் உயர் நீதிமன்ற ஆணையால் வழக்கு சி.பி.ஐ.யிடம் சென்றது. 2011 செப்டம்பர் 29 அன்று, அதுவரை இறந்துபோன 54 பேர் நீங்கலாக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோராண்டு நிலைத்து நின்றது, பெயர், நாள், இடம் என்று பதிவான வாக்குமூலங்கள்.

ஆறாம் படி: எழுதும் முறை

அரசு ஊழியரின் பணி சார்ந்த நடத்தையைப் பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துக் கூறுவது அவதூறு ஆகாது என்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவுக்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று. நக்கீரன் இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் இன்னும் மேலே சென்றது: அலுவல் கடமை குறித்த எழுத்துக்காக அதிகாரி இழப்பீடு கோர வேண்டுமானால், அது பொய் என்று தெரிந்தோ உண்மையைப் பற்றி அக்கறையே இல்லாமலோ எழுதப்பட்டது என்று அவர் நிறுவ வேண்டும்; எழுதியவர் நியாயமான அளவுக்குச் சரிபார்த்தார் என்றால் போதும். அவதூறுக் குற்ற வழக்கு மட்டும் இன்னமும் சட்டத்தில் இருக்கிறது. அரசு ஊழியருக்காக அரசு வழக்கறிஞரே வழக்குத் தொடுக்கும் முறையைத் தமிழ்நாட்டு அரசுகள் தாராளமாகப் பயன்படுத்தியதும், அரசு வழக்கறிஞர் தாமே சீர்தூக்கிப் பாராமல் அப்படிச் செய்யக் கூடாது என்று 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்ததும் நினைவில் இருக்க வேண்டும்.

ஆகவே சரிபார்த்ததற்கான தடயத்தை எழுத்திலேயே விட்டுவையுங்கள். “அதிகாரி வேண்டுமென்றே புலியைக் கொல்லத் துடிக்கிறார்” என்பது அவர் மனத்தைப் பற்றிய கூற்று. அதை உங்களால் நிறுவ முடியாது. “ஆணையில் பிடிக்கும் முயற்சிகள் பற்றிய குறிப்பு இல்லை; சட்டம் அதைக் கோருகிறது; இது குறித்து அலுவலகத்துக்கு எழுதினோம், வெளியாகும் நாள் வரை பதில் வரவில்லை” என்பது ஆவணத்தைப் பற்றிய கூற்று; அதை மறுக்க வேண்டுமானால் ஆவணத்தைக் காட்ட வேண்டும். வெளியிடும் முன் உரிய அலுவலரின் விளக்கத்தை எழுத்தில் கேட்பதும், பதில் வந்தால் வெட்டாமல் சேர்ப்பதும் மரியாதைக்காக மட்டுமல்ல, உங்கள் பாதுகாப்புக்காகவும்தான்.

ஏழாம் படி: தவிர்க்க வேண்டியவை

நடவடிக்கையைப் படமெடுக்க அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழைவது வனஉயிரினச் சட்டத்தின் 27ஆவது பிரிவின்படி குற்றம். மயக்க ஊசிக் குழுவின் பின்னால் கைப்பேசியோடு ஓடுவது அரசு ஊழியரின் பணிக்கு இடையூறு என்ற வழக்கிலும் கொண்டு விடலாம், விலங்கும் மிரளும். அலுவலரின் வீட்டு முகவரி, கைப்பேசி எண், குடும்பத்தினரின் படங்கள் ஆகியவற்றை ஒருபோதும் வெளியிடக் கூடாது.

மிரட்டல் என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு காட்டுகிறது. 2024 அக்டோபர் 30 அன்று நியூயார்க் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையினர், உரிமம் இன்றி வீட்டில் வளர்க்கப்பட்ட பீனட் என்ற அணிலையும் ஒரு ரக்கூனையும் கைப்பற்றி, வெறிநோய்ச் சோதனைக்காக இரண்டையும் கருணைக்கொலை செய்தார்கள். சோதனையில் நோய் இல்லை என்று நவம்பரில் தெரிந்தது. கேள்விகள் வலுவானவை: அத்தனை அவசரம் எதற்கு, தனிமைப்படுத்திக் கண்காணிக்கும் வழி ஆராயப்பட்டதா? ஆனால் துறை அலுவலகங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வந்ததும், பேச்சு ஊழியர்களின் பாதுகாப்பைப் பற்றியதாக மாறியது. உருப்படியான எதிர்வினை சட்டமன்றத்தில் வந்தது. கைப்பற்றிய விலங்கைக் கொல்லும் முன் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற முன்வரைவு அது.

எட்டாம் படி: கோரிக்கையும் காலக்கெடுவும்

விமர்சனத்தின் முடிவில், அந்த முன்வரைவைப் போல, செய்யக்கூடிய ஒரு கோரிக்கை இருக்கட்டும்: கொல்லும் ஆணைகளை வெளியிட்ட அன்றே துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், குழுவில் ஊராட்சிப் பிரதிநிதியின் பெயரை அறிவிக்க வேண்டும் என்பன போல. அதன் நகலைத் தலைமைக் காப்பாளருக்கும், வனத்துறைச் செயலாளருக்கும், புலி என்றால் தேசிய ஆணையத்துக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். காவலில் துன்புறுத்தல் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கு நிகழ்வு நடந்த ஓராண்டுக்குள் எழுத வேண்டும்.

தகவல் மறுக்கப்பட்டால், 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதை மேல்முறையீட்டு அலுவலர் 30 நாட்களில், மிஞ்சினால் 45 நாட்களில் முடிக்க வேண்டும். அதன் பிறகு 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. வனஉயிரினக் குற்றம் நடந்தது என்று உறுதியாகத் தெரிந்தும் துறை வழக்குத் தொடரவில்லை என்றால், வனஉயிரினச் சட்டத்தின் 55ஆவது பிரிவின்படி எந்தக் குடிமகனும், குற்றத்தையும் புகார் செய்யும் எண்ணத்தையும் தெரிவித்து அரசுக்கோ அதிகாரமளிக்கப்பட்ட அலுவலருக்கோ 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, நேரடியாக நீதிமன்றத்தில் புகார் அளிக்கலாம். அந்த அறிவிப்பின் அஞ்சல் இரசீதையும் ஒப்புகை அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்றம் முதலில் கேட்பது அவற்றைத்தான்.